செண்பகவல்லி தேடிய பழுப்பு

வீடுபேறு வேண்டி வருவோர், பிள்ளைப்பேறு வேண்டி வருவோர், வழக்கில் வெற்றி வேண்டி வருவோர் எனக் கரட்டுப்புதூர் மலையடிவாரத்துக் குடிலுக்கு வராதார் இல்லை. சுவருக்கு வண்ணம் கேட்டு வந்தவள் செண்பகவல்லி ஒருத்திதான். அவள் கதையைப் பொறுமையோடு கேளுங்கள்.

குடிலில் இருந்தவர் இளையபெருமாள் சுவாமி. பெயருக்கேற்ப வயதில் இளையவர். முப்பத்தைந்தைக் கடந்திருக்க மாட்டார். அவரைச் சூழ்ந்து அமர்வோரோ பெரும்பாலும் நரைத்த தலையினர். செண்பகவல்லிக்கே ஐம்பது கடந்துவிட்டது. ஆயினும் அவர் முன் கைகட்டி நிற்க அவள் கூசியதில்லை. விளக்கேற்ற நெருப்புக் கேட்பவர் அடுப்பின் வயதையா கேட்கிறார்?

ஒருநாள் மாலை, வழிபாடு முடிந்து எல்லோரும் அமர்ந்திருந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கம்மா."

"வீட்டுக்குப் பழுப்பு நிறம் அடிக்கலாம்னு இருக்கேன். பழுப்புல எது நல்ல பழுப்பு?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பிச்சாண்டி என்றொருவர் அங்கே இருந்தார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர்.

"ஏம்மா, நாங்கல்லாம் மோட்சத்துக்கு டிக்கெட் கேட்டு வரிசையில நிக்கிறோம். நீங்க பெயிண்டு டப்பா கேட்டு நடுவுல ஏறுறீங்களே!"

சுவாமி சிரிக்கவில்லை.

"யாருக்காக அடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

செண்பகவல்லி திகைத்தாள். எத்தனை அறை என்று வண்ணக்கடைக்காரர் கேட்டிருந்தார். இப்போது எதற்கு என்று கணவர் சிதம்பரநாதன் கேட்டிருந்தார். யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.

"குழந்தைக்காக, சாமி" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவளுடைய தங்கையும் தங்கை கணவரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். எஞ்சியது அமுதினி என்னும் ஒன்பது வயதுப் பெண். பெரியம்மா வீட்டில் கொஞ்சகாலம் இருக்கட்டும், பங்குனியில் சித்தப்பா கதிரேசன் திருப்பூரிலிருந்து வந்து பார்க்கட்டும், எங்கே ஒட்டுகிறதோ அங்கே குழந்தை வளரட்டும் என்று சுற்றத்தார் கூடிப் பேசி முடிவு செய்திருந்தனர். பெற்றறியாத செண்பகவல்லிக்கு அந்தப் பிள்ளை கண்ணுக்குள் மணியானாள். ஆனால் குழந்தை ஒட்டவில்லை.

"அழறாளா?" என்றார் சுவாமி.

"இல்ல சாமி. அழுதாலும் சமாதானம் பண்ணலாமே. கூடத்து நடுவுல, காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நாற்காலியில உக்காராது. சுவத்துல சாயாது. தண்ணி குடிக்கக்கூட, 'குடிக்கலாமா பெரியம்மா'ன்னு கேக்குது."

"வீடு இப்ப என்ன நிறம்?"

"வெள்ளை, சாமி. எங்க வீட்டு வெள்ளை ஊருக்கே தெரியும்."

தெரிந்ததுதான். அவள் வீட்டுச் சுவரைப் பார்த்துக் கண்கூசாதார் இல்லை. பிள்ளையில்லாத வீடு, கறை வைக்க ஆளில்லை. கறை வைக்க வந்தவர்களையும் அவள் விட்டதில்லை.

"வெள்ளை குளிர்ச்சியாம், சாமி. பழுப்புதான் கதகதப்பாம். மரம், மண்ணு, கருப்பட்டி, புளி, இந்த நிறமெல்லாம் மனுசனை அணைச்சுக்குமாம். எதுத்த வீட்டு இஞ்சினீயர் பொண்ணு சொல்லுச்சு. ஆனா கடையில பழுப்பே நூறு விதமா இருக்கு. எது அணைக்கும், எது அணைக்காதுன்னு எனக்குத் தெரியலையே."

சுவாமி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க வந்து உக்காந்தா உங்களுக்கு எப்படி இருக்கு?"

"மனசு அடங்குது, சாமி."

"அப்ப இந்தச் சுவரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார்.

செண்பகவல்லி பார்த்தாள். அதுவரை அவள் எப்போதும் முன்வரிசையில், முதுகை நிமிர்த்தி, சுவருக்கு வெகுதூரத்தில் அமர்பவள். இப்போதுதான் சுவரைக் கவனித்தாள். மேலே சுண்ணாம்பு வெளுப்பு. கீழே சாம்பல் பூத்த வெளுப்பு. நடுவில், கூடத்தைச் சுற்றி ஒரு பட்டை ஓடியது. பழுத்த பழுப்பு. தேக்குக் கதவுக்கு மெருகிட்டாற்போல் ஓர் ஒளி. மாலை வெயில் பட்டபோது அது தேன்போல் கனிந்தது. இத்தனை நாள் இதைக் காணாமல் இருந்தோமே என்று அவள் நெஞ்சு விம்மிற்று.

விடை கிடைத்துவிட்டது என்னும் களிப்பைப்போல் மனிதரைத் தடுமாறச் செய்வது வேறொன்று உண்டோ?

மறுநாள் நண்பகலில், கூடம் வெறிச்சோடிக் கிடந்த நேரம் பார்த்து, கடையில் வாங்கிய வண்ண அட்டையோடு வந்தாள். பட்டைமீது அட்டையை வைத்து ஒவ்வொரு கட்டமாய் நகர்த்தினாள். ஒன்று சிவந்து நின்றது. ஒன்று கறுத்து நின்றது. ஒன்று மட்டும் சுவரோடு கலந்து காணாமற்போயிற்று. "இதுதான், இதுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கடைக்காரர் எந்திரத்தில் கலந்து கொடுத்தார். ஆட்கள் வந்து அடித்தார்கள். அத்தோடு அவள் நிற்கவில்லை. கருப்பட்டி நிறத்தில் திரைச்சீலைகள் வந்தன. புளி நிறத்தில் மெத்தைத் திண்டுகள் வந்தன. பிரம்பு நாற்காலிகள் வந்தன. தேங்காய்ச் சிரட்டையில் கடைந்த விளக்குக் கூண்டு வந்து, மாலையானதும் கூடமெங்கும் பொன்னொளி சிந்திற்று.

"எல்லாத்தையும் மாத்திட்டே" என்றார் சிதம்பரநாதன். "மிச்சம் நான் ஒருத்தன்தான். தூங்கும்போது என்மேலயும் ஒரு பூச்சு அடிச்சிடாதே தாயே."

"போங்க, உங்களுக்கு எப்பவும் கேலி."

பள்ளிவிட்டு வந்த அமுதினி வாசலில் நின்று பார்த்தாள்.

"எப்படி இருக்குடா கண்ணு?"

"நல்லா இருக்கு பெரியம்மா."

சொல்லிவிட்டு, செருப்பைக் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி வைத்தாள். கால் கழுவினாள். துடைத்தாள். கூடத்தின் நடுவில் வந்து, காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்தாள். நான்கு சுவர்களும் அணைக்கக் கைநீட்டினாற்போல் நிற்க, அவள் எதையும் தொடாமல் நடுவில் இருந்தாள்.

செண்பகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. நிறம் தப்பவில்லை. அட்டைக்கும் சுவருக்கும் மயிரிழை வேற்றுமை இல்லை. பிறகு எங்கே பிழை?

குடிலுக்கு ஓடினாள்.

"சாமி, நீங்க காட்டின அதே நிறம். அணுவளவு மாத்தம் இல்ல. ஆனா குழந்தை இன்னும் ஒட்டலை."

"உக்காருங்கம்மா" என்றார் சுவாமி.

அமர்ந்தாள்.

"அங்க இல்ல. சுவரோரமா. சாஞ்சு உக்காருங்க."

அவள் சுவரருகே சென்றாள். சாயப் போனவள் தயங்கினாள். முந்தானையை விரித்துச் சுவரில் ஒட்டிப் பிடித்து, அதன்மேல் தலையை வைத்தாள்.

"எதுக்கு அந்தத் துணி?"

"தலையில எண்ணெய் வெச்சிருக்கேன், சாமி. சுவர் அழுக்காயிடுமே."

பிச்சாண்டி வெடித்துச் சிரித்தார். வேறு சிலரும் அடக்கமாட்டாமல் வாயைப் பொத்தினர்.

"அம்மா, அம்மா!" என்றார் பிச்சாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அன்னைக்கு நீங்க அட்டையை வெச்சுத் தடவித் தடவிப் பார்த்தீங்களே, ஜன்னல் வழியா நான் பார்த்தேன். சாமி சுவத்தைக் கும்பிடுறீங்கன்னுல்ல நெனச்சேன்! அந்தப் பழுப்பு வேற ஒண்ணும் இல்லம்மா. எங்க தலையெண்ணெய். வருசக்கணக்கா சாஞ்சு சாஞ்சு ஏறினது. இந்தா, இந்த எடம் என் எடம். நல்லெண்ணெய். பக்கத்துல இருக்கிறது தலையாரி எடம், அது வெளக்கெண்ணெய்!"

செண்பகவல்லி முந்தானையை இழுத்துக்கொண்டு சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பட்டை என்று அவள் எண்ணியது பட்டை அன்று. ஒரு தலை, அடுத்த தலை, அதற்கடுத்த தலை என்று வட்டம் வட்டமாய்ப் படிந்து, ஒன்றோடொன்று சேர்ந்த கறை. சுண்ணாம்பு வைத்துத் துலக்கவேண்டிய அழுக்கை, ஆளை வைத்து வீடு முழுக்கப் பூசியிருக்கிறாள்!

முகம் சிவந்து சுவாமியிடம் வந்தாள்.

"அழுக்கையா சாமி எனக்குக் காட்டினீங்க?"

"சுவரைக் காட்டினேன். நிறத்தைக் காட்டலையேம்மா."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"சாஞ்சு பாருங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் சாய வேண்டும்? தானா, குழந்தையா? சாயாத பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்குத்தானே சாயச் சொன்னார்? ஆகவே குழந்தை சாய வேண்டும் என்பதே அவர் கருத்து என்று முடிவு கட்டினாள். கல்லில் நார் உரிக்கத் துணிந்தவர் கத்தியைத் தீட்டாமல் இருப்பாரா? மறுநாள் ஞாயிறு. அமுதினியை அழைத்து, உச்சந்தலையில் எண்ணெயைக் கவிழ்த்துச் சூடுபறக்கத் தேய்த்தாள்.

"அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காரு கண்ணு."

"சுவத்துலயா?"

"ஆமா."

"எண்ணெய் ஒட்டுமே பெரியம்மா."

"ஒட்டட்டும். சாமி சொல்லியிருக்காரு."

குழந்தை சென்று அமர்ந்தாள். நிழற்படத்துக்கு நிற்பவள்போல் முதுகு விறைத்திருந்தது. தலையை மட்டும் பின்னுக்குத் தள்ளிச் சுவரில் ஒட்டினாள். கண்கள் எதிர்ச் சுவரில் நிலைத்தன.

சற்று நேரம் கழிந்தது.

"பெரியம்மா, இன்னும் எவ்வளவு நேரம் சாயணும்?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்த சிதம்பரநாதன் தலையை நீட்டினார். "ஏன்டி, பள்ளிக்கூடத்துல முட்டிபோட வெச்ச மாதிரி இருக்கே. என்ன தப்புப் பண்ணிச்சு அது?"

"நீங்க சும்மா இருங்க. போதும் கண்ணு, எழுந்திரு."

எழுந்த அமுதினி, தலை பட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பாவாடை நுனியால் அதை அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு, சரியாகத் துடைத்தோமா என்று பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எதைக் கேட்கிறது என்று செண்பகவல்லிக்கு விளங்கவில்லை.

பங்குனி நெருங்கிற்று. கதிரேசன் வரும் நாளும் குறித்தாயிற்று. அவள் மீண்டும் குடிலுக்குப் போனாள். இம்முறை கேள்வியே கேட்கத் தெரியாமல் நின்றாள்.

சுவாமி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு உங்க வீட்டுல எனக்குச் சோறு உண்டா?"

"சாமி! கேக்கணுமா?"

விடியலிலிருந்தே வீடு பரபரத்தது. அவர் வந்தார், இலைமுன் அமர்ந்து நிறைவாக உண்டார். பிறகு பிரம்பு நாற்காலியில் அமர்ந்து, புளி நிறத் திண்டில் முழங்கை ஊன்றி, பாயசக் கிண்ணத்தைக் கையில் வாங்கினார். கை தவறியதோ, அவர் தவறவிட்டாரோ, கிண்ணம் கவிழ்ந்தது. பாயசம் திண்டின்மேல் வழிந்து, திரைச்சீலையின் ஓரத்தை நனைத்து, தரையில் ஓடியது.

அமுதினி மூச்சை உள்ளிழுத்த ஓசை கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"அதனால என்ன சாமி! துணிதானே!" என்றாள் செண்பகவல்லி. உதடு சிரித்தது. கண் திண்டைவிட்டு அகலவில்லை.

"குழந்தை கொட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றார் சுவாமி.

"அவ கொட்டவே மாட்டா, சாமி!" செண்பகவல்லியின் முகம் பெருமையால் மலர்ந்தது. "வந்த நாள்லேருந்து ஒரு சொட்டு சிந்தினதில்ல. ஒரு சாமானை உடைச்சதில்ல. நான் ஒரு வார்த்தை அதட்டினதில்ல. அவ்வளவு ஒழுங்கு."

"அப்படியா?"

சுவாமி குழந்தையைப் பார்த்தார். குழந்தை தரையைப் பார்த்தாள். அவர் கை கழுவிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். குழந்தை ஒட்டுவாளா மாட்டாளா என்று ஒரு சொல் சொல்லவில்லை. இந்த மனிதர் விடை சொல்ல வந்தாரா, திண்டைப் பாழாக்க வந்தாரா என்று அவள் மனம் முணுமுணுத்தது. குருவை இப்படி எண்ணலாமா என்று அடுத்த கணமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவள் குனிந்து கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அமுதினி பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, சாமியைத் திட்டமாட்டீங்களா?"

"சேச்சே. பெரியவங்களைத் திட்டலாமா?"

குழந்தை யோசித்தாள்.

"நான் சின்னவதானே? என்னையும் நீங்க திட்டினதே இல்லையே."

"உன்னை எதுக்குடா திட்டணும்? நீ தங்கமாச்சே" என்றாள் செண்பகவல்லி, தேய்ப்பதை நிறுத்தாமல்.

குழந்தை உள்ளே போய்விட்டாள். அவள் முகம் ஏன் அப்படி வாடிற்று என்று செண்பகவல்லி வெகுநேரம் எண்ணிப் பார்த்தாள். தங்கம் என்றுதானே சொன்னோம்? புகழ்ந்தால் வாடுகிற பிள்ளையும் உலகில் உண்டா?

கதிரேசன் வரும் நாள் வந்தது. செண்பகவல்லி வாசலில் கோலமிட்டாள். சிரட்டை விளக்கைத் துடைத்து மாட்டினாள். திண்டுகளைத் தட்டி நிமிர்த்தினாள். குழந்தையின் அறையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று கதவைத் தள்ளினாள்.

தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கருப்பட்டி நிறத் திரைச்சீலை தரையில் குவிந்து கிடந்தது. அதைத் தாங்கிய கம்பி ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. கம்பி பெயர்ந்த இடத்தில், புத்தம்புதிய பழுப்புச் சுவரில் உள்ளங்கையளவு காரை உதிர்ந்து வெள்ளை பல்லிளித்தது. சன்னலை மூடிக் கிளிப்பச்சையில் ஒரு பருத்திப் புடவை தொங்கிற்று. ரோசாநிறக் கரை. நாற்காலிமேல் நின்றுகொண்டு, அதன் மறுமுனையை ஆணியில் முடிந்துகொண்டிருந்தாள் அமுதினி.

"என்னடி இது!"

வாய்விட்டுத் தெறித்த குரல் தன்னுடையதுதானா என்று செண்பகவல்லிக்கே வியப்பாயிருந்தது.

குழந்தை திரும்பினாள்.

"இந்தக் கலர் எனக்குப் பிடிக்கலை!"

"என்னது?"

"பிடிக்கலை! சாணி மாதிரி இருக்கு! எல்லாப் பக்கமும் சாணி! எனக்கு எங்கம்மா பொடவைதான் வேணும்!"

"சாணியா? யாருக்காகடி இத்தனையும் பண்ணினேன்? சுவத்தைப் பாரு! கம்பியைப் பாரு! ஒரு வார்த்தை கேக்கத் தெரியாது உனக்கு? சித்தப்பா வர்ற நேரத்துல இப்படியா ரகளை பண்ணுவே? எறங்குடி கீழே!"

"எறங்கமாட்டேன்!"

"எறங்குங்கிறேன்ல?"

"மாட்டேன்! நீங்க போங்க!"

குதித்து இறங்கிய குழந்தை, அவளை இரு கைகளாலும் அறைக்கு வெளியே தள்ளினாள். கதவு படீரென்று சாத்திக்கொண்டது. வீடே அதிர்ந்தது. உள்ளேயிருந்து அழுகை வெடித்துக் கிளம்பியது.

செண்பகவல்லி திரும்பினாள். கூடத்தில் கதிரேசன் நின்றுகொண்டிருந்தான். கையில் வாழைப்பழச் சீப்பும் பூவும். எப்போது வந்தானோ, எவ்வளவு கேட்டானோ.

"வாங்க தம்பி" என்றாள்.

அவன் சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அக்கா, நான் தப்பாச் சொல்லலை. நீங்க எவ்வளவு பாடுபட்டிருக்கீங்கன்னு வீட்டைப் பார்த்தாலே தெரியுது. ஆனா அவளுக்கு இங்க பிடிக்கலைபோல. சாயங்கால வண்டிக்கு நானே கூட்டிட்டுப் போயிடட்டுமா? அவ வாயால எதுக்குச் சொல்லவைக்கணும்? நீங்க சொல்லுங்க, அதுபோதும்."

சிதம்பரநாதன் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. இதோ வந்துடறேன்."

செருப்பும் அணியாமல் தெருவில் இறங்கி நடந்தாள். தெருமுனை தாண்டினால் குடில். தாயில்லாப் பிள்ளையை, அதுவும் இன்றைக்குப் போய், வாய்கொண்ட மட்டும் ஏசிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. இத்தனை நாள் பூப்போல வைத்திருந்து என்ன பயன்? ஒரு நொடியில் எல்லாம் பாழ்.

சுவாமி முற்றத்தில் விறகை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்.

"சாமி, தோத்துட்டேன்."

அவர் நிமிர்ந்தார்.

அவள் கொட்டித் தீர்த்தாள். திரைச்சீலை, புடவை, பெயர்ந்த காரை, ஏச்சு, மறு ஏச்சு, கூடத்தில் நின்ற கதிரேசன் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அனுப்பிடறேன், சாமி. அங்கயாவது சந்தோசமா இருக்கட்டும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போய் அவ துணிமணியை எடுத்து வைக்கறேன்."

"கதவைச் சாத்தினான்னு சொன்னீங்களே. எந்தப் பக்கம் நின்னு சாத்தினா?"

செண்பகவல்லி விழித்தாள். வீடு பற்றி எரியும்போது கிணற்றின் ஆழம் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"உள்ள நின்னுதான். என்னை வெளிய தள்ளிட்டு, தாழ்ப்பாளும் போட்டுக்கிட்டா."

"அழுதாளா?"

"கத்தி அழுதா, சாமி. தெருவுக்கே கேட்டிருக்கும்."

"இதுக்கு முன்னாடி?"

"அழுது நான் பார்த்ததே இல்ல. விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி ஒடுங்கியே இருந்தா."

சுவாமி ஒரு விறகைப் புரட்டிப் போட்டார். இன்னொன்றைப் புரட்டினார்.

"வந்தவரு சாப்பிட்டாரா?"

"யாரு, சாமி?"

"குழந்தையோட சித்தப்பா."

"இல்ல சாமி. அந்தக் கலவரத்துல ஒரு வாய் காப்பிகூடக் குடுக்கலை."

"அப்ப ஏன் இங்க நிக்கிறீங்க?" என்றார் சுவாமி. "போங்கம்மா. இப்ப உங்க வீட்டுல விருந்தாளின்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தான். போய் அவருக்கு இலை போடுங்க."